பின்சீட்டுக்குக் கீழே

மாப்பிள்ளை காரை என் கொட்டகை முன்னால் நிறுத்திவிட்டு உடனே இறங்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டபடி உள்ளேயே உட்கார்ந்திருந்தார். டர்போ வண்டியை ஓடி வந்த சூட்டோடு அணைக்கக் கூடாது, கொஞ்சம் மூச்சு வாங்க விட வேண்டும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். கண்ணாடி வழியாக ஒரு விரலைக் காட்டினார், இருங்க என்று. நானும் இருந்தேன். கருநீல நிறம், தரையோடு தரையாகப் படுத்த உடம்பு, பின்னால் இரண்டு புகைக்குழாய். நாள் முழுக்கக் கிடங்கில் நடக்கிற வேகத்தில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர் அவர். இப்படி ஒரு வண்டிக்காக இரண்டு வருஷம் தேடி, போன வாரம்தான் யாரோ ஒருவரிடமிருந்து வாங்கியிருந்தார். என் மகள் பக்கத்துச் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

இறங்கியதும் ஒரு தாளை என்னிடம் நீட்டினார். மற்றவர்களிடம் வாயால் சொல்வதை என்னிடம் எழுதித்தான் தருவார். நான் நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அதற்கு அவர் வைத்திருக்கும் மரியாதை அது. கதவுக் கண்ணாடி நொண்டுகிறது. பிரேக் பிடித்தால் கீச்சென்று சத்தம். ஸ்டியரிங் பக்கத்து முன்பலகைக்குள் ஏதோ கடகடக்கிறது. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு அணைய மறுக்கிறது. இடது பின்கதவை இரண்டு தடவை அறைந்தால்தான் சாத்திக்கொள்கிறது. வேகமாகப் போனால் கூரை ஓரத்தில் விசில் அடிக்கிறது.

"எல்லாம் சின்னச் சின்னதுதான் மாமா. உங்க கையில ரெண்டு ஞாயித்துக்கிழமை."

சின்னதுதான் என்று நானும் நினைத்தேன். முப்பது வருஷம் டிங்கரிங் பட்டறையில் நசுங்கின தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பற்றவைத்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? கண்ணாடி ஓடும் ரப்பர் காடியில் வருஷக் கணக்காகப் படிந்த மண்ணைத் துணி சுற்றிய குச்சியால் வழித்து எடுத்தேன். கண்ணாடி வெண்ணெய் மாதிரி இறங்கியது. பிரேக் கட்டைகளைக் கழற்றி, துருவைத் தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டினேன். மஞ்சள் விளக்குக்குக் காரணம் பெட்ரோல் மூடியின் வெடித்துப்போன ரப்பர் வளையம். முன்பலகையைத் திறந்தபோது உள்ளே வெள்ளைப் பெயின்ட் பேனாவால் யாரோ எழுதியிருந்தார்கள்: "இந்தக் கிளிப் உடைந்தது. இழுக்காதே." நான் இழுக்கவில்லை. கம்பளித் துண்டு ஒன்றை இடையில் சொருகிக் கடகடப்பை நிறுத்தினேன்.

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். வண்டிக்காரர் கண்ணுக்கு ஒருநாளும் படாத இடத்தில், அடுத்துத் திறக்கப்போகிறவனுக்காக ஒரு வரி எழுதி வைப்போம். மரை தேய்ந்த போல்ட், அவசரத்தில் மாட்டிய வேறு வண்டிச் சாமான், முதலாளி செய்யச் சொன்ன அரைகுறை வேலை, எல்லாம் அதில் வந்துவிடும். எழுதியவன் முகம் தெரியாது, படிக்கிறவன் பெயர் தெரியாது. எழுத்துத் தெரியாத காலத்தில் நான் ஒரு பெருக்கல் குறி போடுவேன், அவ்வளவுதான். பிறகு, அப்போது ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த மகள் சாயங்காலங்களில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தாள். கைய இளக்கமா வச்சுக்கங்கப்பா, வெல்டிங் ராடு மாதிரி பிடிக்காதீங்க என்பாள். எழுத்து வந்த புதிதில் எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரிதான். தகடு கிடைத்தால் எழுதினேன்.

இரண்டாவது ஞாயிறு கதவும் விசிலும் மிச்சமிருந்தன. கதவுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள சந்தை விரலால் அளந்தேன். கீழே சுண்டுவிரல் போனது. மேலே நகம் போகவில்லை. கூரை ஓரத்து ரப்பரும் அதே இடத்தில்தான் தூக்கிக்கொண்டு நின்றது. பின்டயர்களைப் பார்த்தேன். இரண்டிலும் உள்விளிம்பு மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. வண்டியின் உடம்பே எங்கேயோ வளைந்தால்தான் இப்படித் தேயும். மாப்பிள்ளை டீ வாங்கப் போயிருந்தார். பின்சீட்டின் இரண்டு கொக்கிகளையும் இழுத்துச் சீட்டைத் தூக்கி, அடியில் சத்தம் அடக்க ஒட்டியிருந்த தார் அட்டையை உரித்தேன்.

மஞ்சள் பெயின்ட். வழிந்து காய்ந்த எழுத்து.

"முன்பாதி வேறு. பின்பாதி வேறு. உள்ளே நாலு பொட்டுதான். வேகம் கூடாது."

கீழே தேதி. ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. படித்து முடிக்கத் தேவையே இல்லை. இதை எழுத எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்பதுகூட ஞாபகம் வந்தது.

அந்த வருஷம் பட்டறை முதலாளி விபத்தில் அடிபட்ட இரண்டு வண்டிகளைக் கொண்டுவந்து போட்டிருந்தார். ஒன்றுக்கு முகம் இல்லை, இன்னொன்றுக்கு முதுகு இல்லை. நடுவில் அறுத்து இரண்டையும் ஒன்றாக்கு என்றார். வெளிப்பக்கம் நூல் பிடித்த மாதிரி பற்றவைத்தேன். அதில் எனக்குக் கர்வம்கூட உண்டு. உள்பக்கம் பலத்துக்காக வரும் தகட்டை முழு நீளத்துக்கும் பற்றவைக்க வேண்டும். பெயின்ட் அடிக்கிறவன் வந்து காத்திருக்கிறான், வெளியே தெரியவா போகுது என்றார் முதலாளி. நாலு இடத்தில் மட்டும் பொட்டு வைத்தது போலப் பற்றவைத்துவிட்டு மூடினேன். அன்றைக்கு அது சாம்பல் நிறப் பூச்சோடு பட்டறையை விட்டுப் போனது, கருநீலம் பிறகு யாரோ அடித்தது. போன பிறகு அதை நினைத்ததே இல்லை. எழுதிவிட்டேனே என்று இருந்துவிட்டேன். யாராவது ஒரு தொழில்காரன் திறப்பான், படிப்பான், அவன் பார்த்துக்கொள்வான்.

அட்டையை ஒட்டி, சீட்டை மாட்டிவிட்டேன். கை தானாகச் செய்தது. மாப்பிள்ளை இரண்டு டீயோடு வந்து என் முகத்தைப் பார்த்தார்.

"என்ன மாமா, பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

"பழைய வண்டி மாப்ள. மெதுவா ஓட்டுங்க."

அவர் சிரித்தார். "மெதுவா போறதுக்குத்தான் மாமா எனக்கு சம்பளமே குடுக்குறாங்க. இதுலயுமா?"

வாய் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். டீ ஆறுகிற வரை அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு முப்பது கிலோமீட்டர், நேர் ரோடு. முன்பெல்லாம் இரண்டு பஸ் மாறுவாள், இப்போது இருபது நிமிஷத்தில் இறக்கிவிடுகிறேன் என்று பெருமையாகச் சொன்னார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வேகத்தில் ஏதாவது ஒன்று குறுக்கே வந்தால், அந்த வண்டி எந்த இடத்தில் இரண்டாகும் என்று உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் மகள் எங்கே உட்கார்ந்திருப்பாள் என்பதும் தெரியும். அப்படியும் சாவியைக் கையில் கொடுத்தேன். நான் செய்ததுதான் என்று இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது? அதைவிட, அவளிடம் எப்படிச் சொல்வது? அப்பா கையெழுத்தைப் பாருங்க என்று பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் காட்டியவள்.

அந்த வாரம் பட்டறையில் போன் அடித்தபோதெல்லாம் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினேன். காலையில் எட்டு மணிக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, மகளுக்கு நானே போன் போட்டு, போய்ச் சேந்துட்டியா என்று கேட்டேன். என்னப்பா புதுசா இருக்கு, கல்யாணமான மறுநாள்கூட நீங்க கேக்கல என்று சிரித்தாள்.

மூன்றாவது ஞாயிறு அவர் வந்ததும், எண்ணெய் அளவு பார்க்கிறேன் என்று முன்மூடியைத் திறந்து, தண்ணீர்க் குழாயின் வளையத்தை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். அரைமணி நேரத்தில் தரையில் ஈரம். வண்டி இங்கயே இருக்கட்டும் மாப்ள, எஞ்சின் சூடாயிரும் என்றேன். வண்டி கொட்டகையிலேயே நின்றது. அடுத்த வாரம் ஒரு வயரைப் பாதி உருவி வைத்தேன். மஞ்சள் விளக்கு திரும்பவும் எரிந்தது. அதற்கடுத்த வாரம் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏறாமல் செய்தேன். நான் கெடுத்ததை நானே ரிப்பேர் செய்தேன். செய்துவிட்டு இன்னொன்றைக் கெடுத்தேன். நடுவில் எண்ணெய் மாற்றினேன், மங்கிப்போன முகவிளக்குகளைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி ஆக்கினேன். இவ்வளவு நன்றாக ஒரு வண்டியை நான் பேணியதே இல்லை. உள்ளே திறந்து ஒழுங்காகப் பற்றவைக்க முடியுமா என்றுகூடப் பார்த்தேன். ஆணியால் குத்தினேன். தகடு பொரித்த அப்பளம் மாதிரி பொடிந்தது. பொட்டு வைக்கக்கூட அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மாப்பிள்ளை முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டார். இந்த வண்டிக்கு உங்க மேல ஆச வந்துருச்சு மாமா, உங்கள விட்டு வரமாட்டேங்குது என்றார். மகள், என்னையே இத்தன நாள் வீட்ல வச்சுக்கலையேப்பா என்றாள். ஐந்தாவது வாரம் அவர் சிரிக்கவில்லை. சீட்டில் உட்கார்ந்து, அணைந்த வண்டியின் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி முன்னால் பார்த்தபடி இருந்தார். எனக்கும் இதுக்கும் ராசி இல்ல மாமா, குடுத்துடுறேன், கேட்டு ஒருத்தர் போன் பண்றார் என்றார். நீங்க பாத்துப் பாத்து வச்ச வண்டின்னு அவர்ட்ட சொன்னேன், உடனே சரின்னுட்டார் என்றும் சொன்னார்.

எனக்கு ஒரு மூச்சு நிம்மதி வந்தது. பொய் சொல்லவில்லை, ஒரே ஒரு மூச்சு.

வாங்குகிறவர் ஞாயிறு பத்து மணிக்கு வருவதாகப் பேச்சு. மகளும் மாப்பிள்ளையும் ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். அவர் வெளியே பாலீஷ் போட, அவள் உள்ளே துடைக்க, நான் வண்டிக்கு அடியில் படுத்து, கடைசியாக நான் தளர்த்தியவற்றையெல்லாம் முறுக்கிக்கொண்டிருந்தேன். மேலே கொக்கி கழலும் சத்தம் கேட்டது. சீட்டுக்கு அடியில் குப்பை இருக்கும் என்று தூக்கியிருக்கிறாள். அடிக்கடி உரித்த அட்டை, ஒட்டாமல் சும்மா கிடந்தது. அவளுடைய செருப்புக் கால் மட்டும் என் தலைக்குப் பக்கத்தில் தெரிந்தது. அது அசையவில்லை.

நான் வெளியே வந்தபோது அவள் கதவருகில் நின்றிருந்தாள். மாப்பிள்ளை தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்.

"இது உங்க எழுத்துப்பா."

தலையாட்டினேன்.

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"ரெண்டாவது ஞாயிறு."

அவள் உதடு அசைந்தது. திங்கள், செவ்வாய் என்று விரல் மடிந்தது. அவளுக்குக் கணக்கு எப்போதும் சுத்தமாக வரும்.

"அதுக்கப்புறம் ஆறு நாள் நான் இதுல போயிருக்கேன்."

வண்டிய நிறுத்தத்தான் குழாயத் தளர்த்தினேன், அதுக்குத்தான் இத்தனை நாள், என்று என்னவோ சொல்ல வந்தேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அழவில்லை, கத்தவும் இல்லை. வேலை செய்யும் இடத்தில் யாருடைய ரத்தத்தையோ சோதித்துவிட்டுக் காகிதத்தில் எழுதுவாளே, அந்த முகம்.

"சீட்ட நான் மாட்டமாட்டேன். மாட்டணும்னா நீங்களே மாட்டுங்க."

துணியை வாளியில் போட்டுவிட்டுப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள்.

சீட்டை வெளியே சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். கொக்கி இரண்டு. எடுத்து வைத்து ஓர் அமுக்கு அமுக்கினால் முடிந்தது, ஐந்து நொடி வேலை. அதைத் தூக்கும்போதே தெருவில் ஆட்டோ வந்து நின்றது. மெலிந்த ஆள் ஒருவர், அவர் மனைவி, ஏழு எட்டு வயதில் ஒரு பெண் குழந்தை. மாப்பிள்ளை ஓடிப்போய் வரவேற்றார். முன்மூடியைத் தூக்கி, எஞ்சினைக் காட்டி, அவர் பேசுவது கேட்டது. எங்க மாமா கை படாத ஒரு போல்ட் இதுல கிடையாது சார், வேணும்னா அவரையே கேளுங்க. அந்த ஆள் என் பக்கம் திரும்பி, பெரியவர் பாத்தா சரியாத்தான் இருக்கும் என்று கும்பிட்டார். சீட்டைப் பிடித்திருந்ததால் என்னால் பதிலுக்குக் கும்பிட முடியவில்லை.

குழந்தை யாரையும் கேட்கவில்லை. நேராக வந்து பின்கதவைத் திறந்து உள்ளே ஏறிவிட்டது. உட்காரச் சீட்டு இல்லை. குனிந்து தகட்டைப் பார்த்தது. எழுத்தைக் கண்டதும் அதற்கும் அந்தப் பைத்தியம் வந்துவிட்டது போல. எங்கே எழுத்து இருந்தாலும் படித்துவிட வேண்டும் என்கிற வயது. முட்டி போட்டு, ஆள்காட்டி விரலை முதல் எழுத்தில் வைத்தது.

"முன்... பா... தி."

நானும் இப்படித்தான் படித்தேன். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் நின்று, அடுத்ததைப் பார்க்கப் பயந்து. சுவரோரம் நின்ற என் மகள் தலையைத் திருப்பி விரலைத்தான் பார்த்தாள். முன்னால் மூடி தூக்கியிருந்ததால் அந்த ஆளுக்கும் மாப்பிள்ளைக்கும் எதுவும் தெரியவில்லை. அவர்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"வே... று. பின்... பாதி... வேறு. உள்ளே..."

அந்த இடத்தில் பெயின்ட் வழிந்து எழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. விரல் நின்றுவிட்டது. குழந்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தது.

"தாத்தா, இது என்ன?"

சீட்டு கனத்தது. இதற்கு முன்னால் அது எனக்குக் கனமாகத் தெரிந்ததில்லை. குழந்தையின் விரல் அந்த மஞ்சள் கறை மேலேயே இருந்தது, நான் சொல்லட்டும் என்று.