புகைபோட்ட எலும்புகள்

1983-இல் மலேசியாவில் கம்பார்ப் பக்கத்துக் குகை ஒன்றில் எலும்பு தோண்டினார்கள். மான், காட்டுப்பன்றி, ஆமை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் எவனோ தின்று போட்ட மிச்சம். அதற்குக் காவல்காரன் வேலை அர்ச்சுனனுக்குக் கிடைத்தது. கூடவே, மூடிப்போன ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் ஒரு வீடு. வேலை போனால் வீடும் போகும்.

ஒரு வாரமாக மழை. சேறு அப்பிய எலும்புகளைக் காட்டி, "கழுவி நல்லா காய வைங்க" என்று சொல்லிவிட்டு தோண்டலை நடத்திய டாக்டர் அலெக்சாண்டர் ஈப்போ நகருக்குப் போனார். அவர் ஊசி போடும் டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர்.

அர்ச்சுனன் இருபது ஆண்டுகள் அந்தத் தோட்டத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையில் உலர்த்தியவன். ஈரமானதைக் காயவைக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே வழி. எலும்புகளைப் பழைய புகைக்கூடத்தில் அடுக்கி, ரப்பர் விறகை மூட்டி, நான்கு நாள் அணையாமல் பார்த்துக்கொண்டான்.

திரும்பி வந்த டாக்டர், தேன் நிறமாகிவிட்ட எலும்புகளைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"சூடு பட்ட எலும்பு, அர்ச்சுனன். அதிகச் சூட்டுல உள்ள இருக்கிற புரதம் கருகி கறுப்பாகும். இன்னும் ஏறினா புரதமே போயி வெறும் தாதுதான் மிஞ்சும், வெள்ளையாயிடும். இது மிதமான சூடு. அந்தக் காலத்து ஆளுங்க கறிய புகை போட்டிருக்காங்க."

உலகத்துக்கு அறிவிக்க அன்றே எழுத உட்கார்ந்தார்.

மண் சலிக்கும் ராக்காயி கிசுகிசுத்தாள். "வாயத் தொறக்காத அண்ணே. வீடு போயிரும் லா. செத்தவனுக்குப் பேரு வந்தா ஒனக்கு என்னா?"

நியாயம்தான். மூன்று நாள் மூடிய வாயோடு இருந்தான். நான்காம் நாள் டாக்டர் தன் கட்டுரையை ரசித்தபடி சொன்னார்:

"புகை சீரா போகல. சூடும் ஏறி எறங்கியிருக்கு. வேலை தெரியாத ஆளுங்க, பாவம்."

"யாரு சார் வேலை தெரியாதவன்?" என்றான் அர்ச்சுனன். "அறுபது டிகிரி. ராவும் பகலும் அதுக்கு மேல ஏற விட்டதில்ல."

டாக்டர் கட்டுரையைக் கீழே வைத்தார். பிறகு, "ஒப்பிட்டுப் பாக்க, புகை படாத எலும்பு குகையில இன்னும் இருக்குல்ல?" என்றார்.

மாலைக்குள் கட்டுரையின் தலைப்பு மாறியது: 'மிதமான சூடு எலும்பில் ஏற்படுத்தும் வேதி மாற்றம்: திட்டமிட்ட ஒரு சோதனை.' வெப்பத்தை ஆசிரியரே நேரில் கண்காணித்ததாக உள்ளே ஒரு வரி. அர்ச்சுனன் பெயர் எங்கும் இல்லை. வீடு இருந்தது, ராக்காயி சொன்ன அதே நிபந்தனையில்.