நூறு டாலருக்குள் ஒரு தூண்டில்

ஆறு பத்துக்கு எழுகிறேன். வாசல் பையில் பால் பாக்கெட் இருக்கும். பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பல் தேய்க்கிறேன். பொங்குவதற்குள் வந்துவிடுவேன். செவ்வாயும் வெள்ளியும் தண்ணீர் மோட்டார் போடுவது என் முறை. காபி குடிக்கிறேன். முந்தின நாள் சோறு மிச்சமிருந்தால் தாளிக்கிறேன், இல்லாவிட்டால் பிரெட். எட்டரைக்கு லேப்டாப்பைத் திறக்கிறேன். அதற்குப் பிறகு நான் கேப்டன் டேல்.

கேப்டன் டேலுக்கு அறுபத்திரண்டு வயது. அலாஸ்காவில் இருக்கிறார். நாற்பது வருடமாகக் கடலில் மீன் பிடிக்கிறார். இரண்டு நாய்கள், ஒரு படகு, ஒரு மனைவி. எனக்கு முப்பத்து மூன்று. பெங்களூரு நீலசந்திராவில் இரண்டாவது மாடி. கடலை மூன்று முறை பார்த்திருக்கிறேன், மூன்றும் கரையில் நின்றபடி. அமெரிக்காவில் ஒரு மீன்பிடி இணையதளம், எந்தச் சாமானை வாங்கலாம் என்று கேப்டன் டேல் என்ற கற்பனை ஆளின் பெயரில் எழுதித் தரும் வேலையை எங்கள் கம்பெனிக்குக் கொடுத்திருக்கிறது. நான் எம்.ஏ. ஆங்கிலம். கேப்டன் என்னிடம் வந்தார்.

அவர் எழுதியதில் அதிகம் பேர் படிப்பது, ஹாலிபட்டுக்கும் கடலடி மீன்களுக்கும் மலிவான தூண்டில் கோலைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற பக்கம். ஹாலிபட் தட்டையான மீன். இரண்டு கண்ணும் ஒரே பக்கம் இருக்கும். முந்நூறு அடி ஆழத்தில் மணலோடு மணலாகப் படுத்திருக்கும். சில மீன்கள் ஓர் ஆளைவிடக் கனம். இதற்கு நீளமான கோல் உதவாது. ஐந்தரையிலிருந்து ஆறரை அடி, தடிமனாக, ஒரு கிலோ ஈயக்குண்டைத் தாங்குவதாக இருக்க வேண்டும். கார்பன் கோல் லேசானது, ஆனால் படகின் விளிம்பில் தட்டினால் முறியும். கண்ணாடி இழைக் கோல் கனம், அசிங்கம், முறியாது. நூறு டாலருக்குள் வாங்குகிறவர் கண்ணாடி இழையை வாங்க வேண்டும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தூண்டில் கோலைக் கையில் பிடித்ததில்லை.

அந்தப் பக்கத்தின் கடைசி வரி இப்படி இருக்கும்: "என் மனைவி சொல்வாள், மலிவானது வேண்டாம், விலை கூடியது வேண்டாம், நடுவில் இருப்பதை எடு."

அதைச் சொன்னது கேப்டனின் மனைவி அல்ல, என் மனைவி மெர்சி. போன ஆகஸ்டில் டெங்கு வந்து நான்காம் நாள் இறந்துபோனாள். அதற்கு முந்தின நாள் மதியம், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். மூன்று கோல்களைக் காட்டினேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னாள். பிறகு கண்ணை மூடினாள். அதற்கப்புறம் பேசவில்லை.

அவள் பீன்யாவில் ஒரு வால்வு கம்பெனியில் பர்ச்சேஸ் பார்த்தாள். மூன்று கொட்டேஷன் வாங்காமல் குண்டூசிகூட ஆர்டர் போட மாட்டாள். எங்கள் கட்டில், குக்கர், மின்விசிறி எல்லாமே மூன்றில் நடுவில் இருந்தவை. கல்யாணத்துக்கு முன் அவளுக்கு மூன்று வரன் வந்ததாகச் சொல்வாள். நான் எந்த இடம் என்று கேட்டதில்லை.

அவள் இறந்த அன்று காலை, ஐ.சி.யு. வாசலில் மாமியார் ரஞ்சிதம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "இயேசு மரி சூசை சொன்னாளா?"

கத்தோலிக்கர்களிடம் அது உண்டு. கடைசி மூச்சில் அந்த மூன்று பெயரையும் சொன்னவருக்கு நல்ல மரணம். மாமியார் வீட்டில் இதுவரை இறந்த எல்லோரும் அப்படிச் சொல்லித்தான் இறந்திருக்கிறார்கள். கோலார் தங்கவயலில் எங்கள் வீடு பௌத்த வீடு. பொய் சொல்லக் கூடாது என்பது எங்களுக்கும் உண்டு.

"சொன்னா அத்தை," என்றேன்.

இப்போது முதலாண்டு நினைவு வருகிறது. விவேக் நகர் குழந்தை இயேசு கோவிலில் பூசை. பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு கார்டு. அதில் நான் சொன்ன பொய்யை அச்சடிக்கப் போகிறார்கள். மாமனார் ஆரோக்கியசாமி போனில் படித்துக் காட்டினார்.

"'இயேசு மரி சூசை எனும் திருநாமங்களை உச்சரித்தவாறே இறைவனடி சேர்ந்தார்.' எப்டி கீது மாப்ள? உங்க அத்த எழுதனது."

"நல்லாருக்கு மாமா."

"நாளைக்கு ப்ரூஃப் வருது. நீ வந்து பாத்துரு. உன் வேலையே அதானே."

அதே நாள் அந்தத் தூண்டில் பக்கத்தைப் புதுப்பிக்கும் முறையும் வந்தது. ஆண்டுக்கு ஒரு தடவை தலைப்பில் ஆண்டை மாற்ற வேண்டும், விலையை மாற்ற வேண்டும், கடையில் இல்லாத சரக்கை எடுக்க வேண்டும். மெர்சி சொன்ன கோல் கடையில் இல்லை. கம்பெனி அதைச் செய்வதையே நிறுத்திவிட்டது. என் மேலாளர் சுப்ரியா வீடியோ காலில் வந்தாள்.

"விஜய், நம்பர் ஒன்னே போயிடுச்சு. மூணும் புதுசா போட்டுடு. லாஸ்ட்ல அந்த வைஃப் லைன் வருதே, அதையும் எடுத்துடு."

"ஏன்?"

"அந்த ராடே இல்லையே. அவங்க சொன்னதுக்கு இப்ப என்ன அர்த்தம்?"

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் யாரிடமும் சொன்னதில்லை. மெர்சி கடைசியாகச் சொன்னது உலகத்தில் எழுத்தாக இருந்தது அந்த ஒரே இடத்தில்தான். அதுவும் ஆங்கிலத்தில், வேறு ஒருவர் மனைவியின் பெயரில். அதையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது கார்டு.

"புதுசா மூணு போட்டாலும் நடுவுல ஒண்ணு இருக்கும்ல," என்றேன்.

"இருக்கும். ஆனா அதுதான் பெஸ்ட்னு எப்படித் தெரியும்?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

அன்று முழுக்கப் பார்த்தேன். இவ்வளவு கவனமாக நான் எதையும் தேர்ந்தெடுத்ததில்லை. நூறு டாலருக்குள் கிடைக்கும் கோல்களில் மூன்று தேறின. மலிவானதை வாங்கிய பதினேழு பேர், நுனி வளையம் கழன்று விழுந்ததாக எழுதியிருந்தார்கள். விலை கூடியதில் ஒரு போட்டி வீரரின் கையெழுத்து அச்சாகியிருந்தது. அந்தக் கையெழுத்தைத் தவிர அதில் கூடுதலாக எதுவும் இல்லை. நடுவில் இருந்தது ஆறடிக் கண்ணாடி இழை. அழுக்குப் பச்சை நிறம். ஒருவர் அதைக் கார் கதவில் வைத்து நசுக்கிவிட்டு, பிறகும் அதே கோலில் அறுபது பவுண்டு மீன் பிடித்திருந்தார். படம் போட்டிருந்தார். மீனின் இரண்டு கண்ணும் என்னைப் பார்த்தன.

சுப்ரியாவுக்கு எழுதினேன். நடுவில் இருப்பதுதான். அவள் கட்டைவிரல் படம் அனுப்பினாள். "ஓகே, லைன் இருக்கட்டும். கேப்டனோட வைஃப் செம ஷார்ப்!"

மறுநாள் விவேக் நகருக்குப் போனேன். கோவில் தெருவில் கிளெமென்ட்டின் அச்சகம். முன்னால் மெழுகுவர்த்தி விற்பார், உள்ளே கார்டு அடிப்பார். மாமனார் எனக்கு முன்பே வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கோலார் தங்கச் சுரங்கம் மூடியபிறகு பெங்களூரு வந்து இருபது வருடம் செக்யூரிட்டி வேலை பார்த்தவர். எங்கே உட்கார்ந்தாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார்.

கிளெமென்ட் ப்ரூஃபை நீட்டினார். "பாருங்க சார். ஒரே ஒரு கையெழுத்து. முந்நூறு கார்டு, அரை ஹவர்ல ஆய்த்து."

படம் கல்யாணத்தில் எடுத்தது. பிறந்த தேதி சரி. இறந்த தேதி சரி. அந்த வரிக்கு வந்தேன். பேனாவை எடுத்து அடித்தேன். தினமும் செய்யும் வேலை, கை தானாகப் போனது.

"சார், அது பிழை இல்லையே," என்றார் கிளெமென்ட்.

மாமனார் எழுந்து வந்து பார்த்தார். என்னையும் பார்த்தார். "வா, ஒரு டீ சாப்புடலாம்," என்றார்.

எதிர்க்கடையில் டீ சொன்னார். ஆட்டோ ஒன்று எங்கள் கால்மேல் ஏறாத குறையாகப் போனது. அது போகும்வரை நின்றார்.

"சொல்லலையா?"

"இல்ல மாமா."

"தெரியும்."

"எப்படி?"

"அத்த கேட்டப்போ டக்குனு பதில் சொன்ன. நீ எதுக்கு டக்குனு பதில் சொல்லியிருக்க? சாப்டியான்னு கேட்டாலே நாலு நிமிஷம் யோசிப்ப."

டீ வந்தது. அவர் ஊதிக் குடித்தார்.

"எங்கம்மா செத்தப்போ நான்தான் பக்கத்துல இருந்தேன். இன்னா கேட்டுச்சு தெரியுமா? பீடி கேட்டுச்சு. ஒரே ஒரு இழுப்பு குட்றான்னுச்சு. வெளிய வந்தேன், எல்லாரும் சொன்னாளா சொன்னாளான்னாங்க. சொன்னான்னுட்டேன். எங்க பெரியப்பா ஆஸ்பத்திரில கம்பவுண்டர அசிங்கமா திட்டிட்டுப் போய்ச் சேந்தாரு. அவரும் இயேசு மரி சூசைதான். பின்ன, எல்லாரும் சொல்லிட்டா சாவறாங்க?"

"அப்ப அந்த வரி வேணாம் மாமா."

"வேணும்." டம்ளரைக் கீழே வைத்தார். "உங்க அத்த தெனம் படுக்கறப்போ என்னக் கேக்கறா. எம் பொண்ணு மூணு பேரயும் சொல்லிட்டுத்தானே போனான்னு. ஆமான்னா தூங்கிடுவா. அந்தக் கார்டு அவளுக்கு. நீ அடிச்சத எடுத்துடு."

ஒரு பொய்யை எடுக்க வந்தேன். அது இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த பொய்யாக இருந்தது, ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்காகத்தான் கார்டு.

திரும்பிப் போய் அடித்த வரிக்குக் கீழே புள்ளிகள் வைத்து, பக்கத்தில் 'இருக்கட்டும்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். உள்ளே மெஷின் ஓட ஆரம்பித்தது. நாங்கள் மெழுகுவர்த்திகளுக்குப் பக்கத்தில் நின்றோம்.

"கார்டு அவளுக்கு," என்றார் மாமனார். "எனக்குச் சொல்லு. இன்னாதான் சொன்னா?"

"தூண்டில் பத்தி மாமா."

"தூண்டிலா?"

சொன்னேன். அலாஸ்கா, கேப்டன், தட்டை மீன், மூன்று கோல்கள். அவர் முகம் மாறவில்லை. நுனி வளையம் எப்படிக் கழலும் என்று மட்டும் கேட்டார். அதையும் சொன்னேன். அவள் நடுவில் இருப்பதைப் போடச் சொன்னாள் என்றேன். அந்த வரி ஒரு வருடமாக அமெரிக்காவில் இருக்கிறது, இன்னும் ஒரு வருடம் இருக்கும் என்றேன்.

"அவ்ளோதானா?"

"இன்னொண்ணு சொன்னா. அத நான் எழுதல. அங்கல்லாம் பேரம் பேச மாட்டாங்க."

"நீ எழுதனது வேணாம். அவ எப்டி சொன்னாளோ அப்டியே சொல்லு."

உள்ளே மெஷின் நின்றது. கிளெமென்ட் கார்டுகளை எண்ணத் தொடங்கினார். நான் மாமனாரிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

"நடுவுல இருக்கறவனுக்கே ஆர்டர் போடு. ஆனா அவன்கிட்டயும் கொஞ்சம் கொறைக்கச் சொல்லிக் கேளு, கொறைப்பான்."