தள்ளி விழுந்த கமா

துணி தேய்க்கும் கடையின் ஜன்னல் வழியாக அக்கா அதைப் பார்த்தாள். விடிந்தும் விடியாத நேரம், தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. எதிர்ச்சாரியில் தம்பி தன் ரொட்டி வேனை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, பின்கதவைத் திறக்கப் போனான். முனையில் வேகமாகத் திரும்பிய லாரி ஒன்று அவனைப் பக்கவாட்டில் இடித்துத் தள்ளிவிட்டு வேனின் பின்பக்கத்தில் மோதியது. வேன் உருண்டுபோய், நடைபாதையோரம் பெருக்கிக்கொண்டிருந்த அம்மாளின் மேல் ஏறியது. லாரி பின்னால் எடுத்து, ஒடித்துத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.

அக்கா படியிறங்கி ஓடிவந்தபோது தம்பி எழுந்து நின்றுகொண்டிருந்தான். நிற்கிறானே, அது போதும் என்று அந்த அம்மாளிடம் ஓடினாள். வேனுக்கடியில் இருந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தால் தம்பியைக் காணோம். மண்டையில் அடிபட்டவன், எங்கே போகிறோம் என்றே தெரியாமல் நடந்துபோய்ப் பின்தெருச் சந்து ஒன்றில் சுருண்டு விழுந்துகிடந்தான். அங்கிருந்துதான் அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அன்று காலையே போலீஸ் அலுவலகத்தில் வாக்குமூலம் வாங்கினார்கள். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மேசைமேல் இருந்த போனில் மொழிபெயர்ப்புக்கார அம்மாவின் குரல் வந்தது. அக்கா சொல்வதை அவர் ஆங்கிலத்தில் எழுதி அனுப்ப, இங்கே ஒருவர் அதை டைப் அடித்தார். என்ன நடந்தது என்று கேட்டார்கள்.

"என் தம்பிய இடிச்சிட்டு அந்த டிரைவர் ஓடிட்டான்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். லாரி என்ற சொல் அவள் வாயில் வரவே இல்லை. அதுதான் ஊருக்கே தெரிந்திருக்குமே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் அந்த அம்மாள் இறந்துவிட்ட செய்தி வந்தது. அக்கா மேசையில் தலையைச் சாய்த்துவிட்டாள். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

தம்பி கண் விழித்த அன்று அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்காவை உள்ளே விடவில்லை. கொண்டுபோன மாற்றுத்துணிப் பையை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார். காவலுக்குத்தான் போலிருக்கிறது, ஓடிப்போன லாரிக்காரன் வந்து மிரட்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள் என்று எண்ணி, அக்கா அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மறுநாள் இலவச உதவிக்கு என்று அமர்த்தப்பட்ட வக்கீல் கடைக்கே வந்தார். தமிழ் பேசுகிறவர்தான். இஸ்திரி மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி பேசினார்.

"உங்க தம்பி ஒப்புக்கிட்டாரும்மா."

"எதை?"

"அந்தம்மா மேல வண்டிய ஏத்திட்டு ஓடிட்டேன்னு."

அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அவன் வண்டியிலயே இல்லையே சார். கீழ நின்னான். நான் பாத்தேனே."

"நீங்க பாத்ததாச் சொன்னதத்தானே போலீஸ்ல உங்க தம்பிக்குப் படிச்சுக் காட்டியிருக்காங்க. அவருக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. வண்டிய நிறுத்தினது வரைக்கும் இருக்கு, அப்புறம் ஆஸ்பத்திரிதான். அக்கா இப்படிச் சொல்லியிருக்காங்கன்னதும், 'அவ பொய் சொல்ல மாட்டா, நான்தான் பண்ணியிருப்பேன்'னு கையெழுத்துப் போட்டுட்டாரு."

வக்கீல் தன் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து, தேய்த்து அடுக்கிய சட்டைகளின்மேல் வைத்தார். அக்காவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுக்கு ஆங்கிலம் வரும். 'ஆஃப்டர் ஹிட்டிங், மை பிரதர் தி டிரைவர் ரேன் அவே.' படித்தாள். ஒவ்வொரு சொல்லும் தெரிந்த சொல்தான்.

"இதுல என்ன தப்பு சார்? இதத்தான் சொன்னேன்."

"இதுக்கு அர்த்தம், இடிச்சிட்டு, டிரைவரான என் தம்பி ஓடிட்டான்னு."

மேசைமேல் கிடந்த சட்டை கருகும் நாற்றம் வந்தபிறகுதான் கையில் இஸ்திரிப் பெட்டி இருப்பதே அவளுக்கு நினைவு வந்தது. வேனின் பின்பக்க நசுங்கல் இருக்கிறதே என்று வாதாடினாள். அதைப் பழைய நசுங்கல் என்று எழுதிவைத்துவிட்டார்கள் என்றார் வக்கீல். அவன் கிடந்த சந்து, ஓடிப்போனதற்கு அத்தாட்சியாகிவிட்டது. அவளோ உடன்பிறந்தவள். இப்போது மாற்றிச் சொன்னால் பாசத்தில் புளுகுகிறாள் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

"அன்னைக்குப் போன்ல பேசினவங்க வந்து சொன்னா உண்டு" என்றார். "அவங்களும் ஞாபகம் இல்லைன்னுட்டா என்னால எதுவும் செய்ய முடியாது."

மொழிபெயர்ப்புக்கார அம்மா ஒரு மருந்துக்கடை மாடியில் சின்ன அறையில் உட்கார்ந்து வேலை பார்த்தார். காதில் ஹெட்போன், முன்னால் ஆறிப்போன காப்பி. அக்கா உள்ளே வந்ததைப் பார்த்து, இருங்க என்று கையைக் காட்டிவிட்டு, யாருடைய வயிற்றுவலியையோ ஒரு டாக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார்.

"தினமும் எத்தனையோ பேர் பேசுறாங்கம்மா. வெச்சதும் மறந்துடும். மறக்கலைன்னா இந்த வேலை பாக்க முடியாது."

"நீங்க மறந்தா என் தம்பி ஜெயிலுக்குப் போயிடுவான்."

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலைப் பிடிக்கவும் தயாராகத்தான் வந்திருந்தாள். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்ட அந்த அம்மா, "எழுந்திரிங்க, இதெல்லாம் வேண்டாம்" என்று பதறினார்.

"அப்போ நான் சொல்றத ஒரு தடவை இங்கிலீஷ்ல எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கல. என் தம்பிய இடிச்சிட்டு அந்த டிரைவர் ஓடிட்டான்."

தொல்லை விட்டால் சரி என்பதுபோல் அந்த அம்மா பேனாவை எடுத்து, ஒரே இழுப்பில் எழுதினார். அக்கா வக்கீல் தந்த நகலைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் பார்த்த அந்த அம்மாவின் முகம் மாறியது. ஹெட்போனைக் கழற்றினார்.

"நான் கமாவே போடல" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல. "இப்பவும் போடல, பாருங்க."

"எனக்குப் புரியலம்மா."

"தமிழ்ல நீங்க 'தம்பிய'ன்னு சொன்னீங்க. அந்த 'ய'விலேயே இடிபட்டவன் யாருன்னு வந்துடுது. அதை வாக்கியத்துல எங்க தூக்கிப் போட்டாலும் அர்த்தம் மாறாது. இங்கிலீஷ்ல அப்படி ஒரு ஒட்டு கிடையாது. முதல்ல நடந்தத சொல்லி முடிச்ச இடத்துல ஒரு கமா வெக்கணும், அப்புறம்தான் யார் என்ன செஞ்சாங்கன்னு வரணும். பிரதருக்கு அப்புறம் நான் வெச்சிருக்கணும். அவசரத்துல வெக்காமயே அனுப்பிட்டேன். அங்க டைப் அடிச்சவருக்கு ஒரு கமா வேணும்னு தெரிஞ்சிருக்கு. எங்கன்னு தெரியல. ரெண்டு வார்த்தைக்கு முன்னாடியே வெச்சுட்டாரு."

அக்கா அந்தப் புள்ளியையும் அதன் வாலையும் பார்த்தாள். கொசுவின் கால் அளவுகூட இல்லை.

"வந்து சொல்வீங்களா?"

ஒரு தப்பு வெளியே தெரிந்தால், அவர் இதுவரை மொழிபெயர்த்த ஒவ்வொன்றையும் எடுத்துக் கிளறுவார்கள். அதற்கப்புறம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அதை அவர் சொல்லவும் செய்தார். அக்கா கதவோரம் நின்று அழுதாள். மேசைமேல் ஹெட்போனின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது, அடுத்த ஆள் காத்திருந்தார். அந்த அம்மா அதை எடுக்கவில்லை.

"வக்கீல் நம்பர் குடுங்க" என்றார்.

அவர் வந்து சொன்னார். இழுத்தடித்தார்கள், கேள்விமேல் கேள்வி கேட்டார்கள், கடைசியில் வேனை மறுபடி சோதித்தார்கள். பின்பக்க நசுங்கலில் வேறொரு வண்டியின் பெயின்ட் ஒட்டியிருந்தது. தம்பியை விட்டுவிட்டார்கள். லாரி மட்டும் அகப்படவில்லை.

வீட்டுக்கு வந்த தம்பி சாப்பிட்டான், தூங்கினான், யாரோடும் பேசவில்லை. ஒருநாள் மதியம் கேட்டான்.

"எனக்காகத்தானே மாத்திச் சொன்ன?"

"நான் எதையும் மாத்தலடா."

"அந்தம்மா செத்தது என் வண்டியில. முதல்ல நீ சொன்னது உண்மை. அப்புறம் மொழிபெயர்த்தவங்களப் போய்ப் பாத்து அழுதிருக்க. எனக்குத் தெரியும்கா."

அக்கா சத்தியம் செய்தாள். கோபத்தில் தட்டைத் தூக்கி எறிந்தாள். அவன் சிதறிய சோற்றைக் கூட்டி அள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டான். போலீஸிடமிருந்து மீட்டுவிட்டாள், அவனிடமிருந்து அவனை மீட்க வழி தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் மருந்துக்கடை மாடி ஏறினாள். அங்கே இப்போது போன் அதிகம் ஒலிப்பதில்லை.

அந்த அம்மா வீட்டுக்கு வந்தார். தம்பியின் கட்டிலோரம் உட்கார்ந்து, வாக்கியத்தை இரண்டுவிதமாகவும் எழுதிக் காட்டினார். "பிழை என்னோடது தம்பி. உங்க அக்கா முதல் நாளே சரியாத்தான் சொன்னாங்க. எனக்கு இதனால நஷ்டம்தான். பொய் சொல்ல நான் எதுக்கு இவ்வளவு தூரம் வரணும்?"

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். "இதுல நான் எங்க இருக்கேன்?"

அந்த அம்மா சரியான வாக்கியத்தில் கமாவுக்கு முன்னால் விரலை வைத்தார். "இங்க. இடிபட்ட பக்கம்."

அவனும் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தான். பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். எங்கேடா என்றாள் அக்கா. பெருக்குகிற அம்மாள் வீட்டுக்கு என்றான். அவர்கள் அடித்தாலும் அடிக்கட்டும், போகாமல் இருக்க முடியவில்லை என்றான். அக்கா செருப்பைத் தேடிக் காலில் மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கதவைத் திறந்தவர் அந்த அம்மாளின் கணவர், அவரும் தமிழ் பேசுகிறவர்தான். தம்பியின் தலையிலிருந்த தழும்பைப் பார்த்ததும் ஆள் யாரென்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"லாரின்னு சொன்னாங்களே" என்றார்.

"லாரியாம்" என்றான் தம்பி. "எனக்கு எதுவும் ஞாபகம் இல்லைங்க."

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கதவை மறித்துக்கொண்டிருந்த கையை எடுத்து, உள்ளே வர வழிவிட்டார்.