முடிவெட்டிக்கொண்ட சுவர்

உலகத்திலேயே முடிவெட்டிக்கொண்ட சுவர் ஒன்றே ஒன்றுதான் உண்டு. வகிடு எடுக்க முடியவில்லை என்பது மட்டும்தான் குறை. வெட்டிக் கொட்டியதைத் தின்ற மாடுகள் ஏப்பம் விட்டதில் தெருவிளக்குகள் ஆடின.

பல் வைத்தியரின் புது மருத்துவமனை முற்றத்துச் சுவர் அது. கட்டியவள் அவருடைய மனைவியின் தங்கை. தோட்டமும் முற்றமும் வடிவமைக்கப் படித்தவள். சிமெண்டே இல்லாமல் மண்ணில் கட்டுகிறேன் என்று அவள் சொன்னதும் திறந்த வாயை வைத்தியர் வெகுநேரம் மூடவில்லை. யாராவது நினைத்திருந்தால் அவருக்கே நாலு பல்லைப் பிடுங்கியிருக்கலாம்.

"கட்டிக்கோ. ஆனா திறப்பு விழா அன்னைக்கு ஒரு விரிசல் தெரிஞ்சாலும் இடிச்சுட்டு சிமெண்ட்ல எழுப்பிருவேன். நீயும் இந்த மண் பைத்தியத்தை மூட்டை கட்டிட்டு என் ரிசப்ஷன்ல வந்து உட்காரணும்."

"சரி அத்தான்," என்றாள். சொன்ன வாய் மூடுமுன் ரிசப்ஷன் நாற்காலி கண்முன் வந்து நின்றது. நாளெல்லாம் தொலைபேசி எடுத்து, 'வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க' என்று சொல்கிற பிழைப்பா!

மண்கல் அடுக்கி, களிமண்ணும் மணலும் நறுக்கிய வைக்கோலும் குழைத்துப் பூசி, மேலே ஈரச் சாக்கைப் போர்த்தினார் மேஸ்திரி.

"விரிசல் விடாம வைக்கோல் பிடிச்சுக்கும். காலைல லேசா தண்ணி தெளிச்சுட்டுச் சும்மா இரும்மா. உனக்குத்தான் அது வராதே!"

வரவில்லை. எங்காவது கடலைத் தோல் உடைந்தாலும் சுவர்தான் வெடித்தது என்று ஓடிவந்தாள். வாளியோடு வந்து சாக்கை நனைப்பாள்; வீட்டுக்குப் பாதி வழி போவாள்; போதாதோ என்று திரும்பி வந்து மறுபடி நனைப்பாள். சோற்றில் கை வைத்தால் சுவர் நினைப்பு, செருப்பு மாட்டினால் கால் தானாக அங்கேதான் போனது. அவள் ஊற்றிய தண்ணீரில் ஒரு கப்பலையே மிதக்கவிட்டிருக்கலாம்.

விழா அன்று காலை சாக்கை உருவினார்கள். சுவரைக் காணோம். ஆள் உயரத்துக்கு ஒரு புல்வெளி நிமிர்ந்து நின்றது!

மேஸ்திரி தலையில் கை வைத்தார். "வைக்கோலைச் சரியா அடிக்கலை போல. கதிர்ல தானியம் ஒட்டிக்கிட்டே வந்திருக்கு. நீ ஊத்துன ஊத்துல கல்லே முளைக்கும், நெல்லு முளைக்காதா?"

அவள் பிடுங்கப் பாய்ந்தாள்.

"ஐயோ, தொடாதே! பூச்சோட கையில வந்துரும். வெட்டத்தான் செய்யணும்."

பக்கத்துக் கடை முடிதிருத்தகம். கடைக்காரர் கத்திரியும் சீப்புமாக வந்து சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒட்ட வெட்டவா, ஸ்டைலா விடவா?"

"அண்ணே, உசுரு போகுது, சீக்கிரம்!"

"பதறினா காது வெட்டுப்படும்மா," என்றவர், வாசலின் இரண்டு பக்கமும் கிருதா விட்டுத்தான் ஓய்ந்தார். தொழில் பெருமை யாரை விட்டது?

சொல்லிவைத்தாற்போல வைத்தியர் வந்தார். பல்லில் சொத்தை தேடுகிற ஊசியால் சுவரை அங்குலம் அங்குலமாகக் குத்திப் பார்த்தார். விரிசல் இல்லை. தடவிப் பார்த்தார்.

"என்ன இது, ஷேவ் பண்ணாத தாடை மாதிரி சொரசொரங்குது?"

"புல்லு முளைச்சிருச்சு அத்தான். இப்பத்தான் முடிவெட்டினோம்."

"யாரு காதுல பூ சுத்தறே? விரிசலை மறைக்க பிளாஸ்டிக் புல்லை ஒட்டியிருக்கே. இதோ, இங்க மிச்சமே இருக்கு!"

பல் பிடுங்கும் குறடு சட்டைப்பையிலிருந்து வந்தது. கிருதாவைக் கவ்வி இழுத்தார். அசையவில்லை. சுவரில் கால் ஊன்றி, கடைவாய்ப் பல்லை இழுப்பதுபோல் இழுத்தார்.

படக்!

வைத்தியர் தரையில் மல்லாந்து கிடந்தார். குறட்டில் நாலு இலை. வேர் மண்ணைப் பிடித்த பிடி விடவில்லை. பூச்சில் ஒரு பொட்டு உதிரவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. ஓர் இலையை வாயில் போட்டு மென்றார்.

"பச்சைப் புல்லுதான்," என்றார். "ரிசப்ஷனுக்கு வேற ஆள் பார்த்துக்கறேன்." பிறகு, யாரோ கழுத்தைப் பிடித்துச் சொல்லவைத்தது போல: "முளைச்சிருக்கு, முடியும் வெட்டியிருக்கீங்க. நடந்தது நடந்ததுதான், போ!"