பெரியம்மாவின் இடது சக்கரம்

"அக்கா, ஜாக்கி எங்கேன்னு அவரைக் கேளு."

கேட்டவன் தம்பி. பதில் சொல்ல வேண்டிய 'அவர்', அவள் கணவர், நாலடி தள்ளி வாசல்படியில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில், கையில் டீ தம்ளருடன் அவள்.

"வைக்கிற எடத்துலதான் இருக்கும்னு உன் தம்பிகிட்ட சொல்லு" என்றது செய்தித்தாள்.

"ரெண்டு பேருக்கும் காது நல்லாத்தானே இருக்கு? நடுவுல நான் என்ன தபால்காரியா?"

தம்பி தானே ஷெட்டுக்குள் போய் ஜாக்கியை எடுத்துவந்தான். வைக்கிற இடத்தில்தான் இருந்தது. மாதக்கணக்காக நடக்கிற இந்தக் கூத்து இன்றோடு முடிந்துவிடும். பத்து மணிக்கு ஓட்டல்காரர் வந்து பெரியம்மாவை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

பெரியம்மா என்பது கார். அறுபது வயது தாண்டிய அமெரிக்கக் கார். இளம்பச்சை உடம்பு, வெளிர்மஞ்சள் கூரை, பின்னால் துடுப்பு மாதிரி இரண்டு தூக்கல், முன்னால் பல்லெல்லாம் காட்டுகிற குரோமியம். முன்சீட் ஒரே நீளம். மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், நாலாவது ஆளும் ஒண்டிக்கொள்ளலாம். தெருமுனையில் திரும்ப வேண்டுமென்றால் இரண்டு தடவை முன்னே, ஒரு தடவை பின்னே போக வேண்டும். உடம்பும் பெரிசு, கோபமும் பெரிசு, காலையில் எழுப்பினால் இருமி முனகித்தான் எழுந்திருக்கிறாள் என்று தம்பிதான் அந்தப் பெயரை வைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. "பெரியம்மாவுக்கு இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று எதிர்வீட்டுக்காரர்கூட விசாரிப்பார்.

யாரோ ஒருவருடைய கிடங்கில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததை மாமனும் மச்சானும் சேர்ந்து வாங்கி வந்தபோது அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கணவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்திலேயே பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டு வருகிறவர். வீட்டில் "ம்", "சரி", "பார்க்கலாம்" மூன்றோடு நாளை ஓட்டிவிடுவார். தம்பி பல் டாக்டர். வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாமல் கிடக்கிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசிப் பேசி, பேச்சை நிறுத்தவே தெரியாமல் போனவன். அவளுக்குக் கல்யாணமான புதிதில் இந்த இரண்டு பேரும் ஒரு சோபாவின் இரண்டு முனையில் உட்கார்ந்திருக்க, நடுவில் ஒரு வார்த்தை விழாதா என்று அவள் ஏங்கிய காலம் உண்டு. பெரியம்மா வந்தாள், எல்லாம் மாறிப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் தம்பி வந்து நிற்பான். ஷெட்டில் இடது பக்கம் சுவர் நெருக்கம். ஒல்லியான கணவர் மட்டும்தான் அங்கே நுழைய முடியும். தொப்பை வைத்த தம்பிக்கு வலது பக்கம். பானெட்டுக்கு மேல் இருவர் தலையும் சேர்ந்து குனிந்திருக்கும். கார்புரேட்டர், பிளக், எங்கிருந்தோ கப்பலில் வரவேண்டிய ஒரு ரப்பர் வளையம் என்று பேச்சு நீண்டுகொண்டே போகும். "ம்" வாத்தியார் அங்கே கதை கதையாகப் பேசுவார். சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே குரலில் "அஞ்சு நிமிஷம்" என்பார்கள். அந்த ஐந்து நிமிஷம் எப்போதும் ஒரு மணி நேரம்.

சண்டை வந்தது ஓர் ஓட்டையால். போன வெயில் காலத்தில் மூன்று பேருமாக ஒரு சவாரி போனார்கள். "உள்ளே அடுப்பு மாதிரி இருக்குங்க" என்று அவள் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். கணவர் "ம்" என்றார். மறுநாள் தாமாகவே டேஷ்போர்டில் துளை போட்டு, அவள் உட்காருகிற பக்கம் சின்னதாக ஒரு மின்விசிறியை மாட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்த தம்பி அதைப் பார்த்ததும் அவன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"தொழிற்சாலையிலேர்ந்து வந்த தகரம்! இத்தன வருஷத்துல எவனும் கை வைக்கல. துளை போட்டுட்டாரே! இதுக்கு மேல இது ஒரிஜினலா?"

"ஊர்ப்பட்ட பல்லுல ஓட்டை போடறவன், ஒரு தகரத்துல ஓட்டை போட்டதுக்கு இந்தக் குதி குதிக்கிறான்" என்றார் வாத்தியார்.

அவள் சிரித்துத் தொலைத்தாள். அதுதான் தப்பாகிவிட்டது. தம்பி ஸ்பேனரை வைத்துவிட்டு வெளியேறினான். அடுத்த வாரத்திலிருந்து பெரியம்மாவுக்கு முறைவாசல். ஒரு ஞாயிறு அவர், ஒரு ஞாயிறு இவன். அவர் கார்புரேட்டர் திருகாணியை அரைச்சுற்று இறுக்குவார்; இவன் வந்து அரைச்சுற்று தளர்த்துவான். பாவம், பெரியம்மா யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் வாரா வாரம் புதுசு புதுசாக இருமினாள். கடைசியில் தம்பி, "வித்துடலாம்னு சொல்லு" என்றான். "தாராளமா விக்கட்டும்னு சொல்லு" என்றார் அவர். இரண்டு பேருமே மற்றவர் வேண்டாமென்று சொல்லட்டும் என்று காத்திருந்தது அவளுக்கு அப்பட்டமாகத் தெரிந்தது. வீராப்பு யாரை விட்டது?

காரைப் பார்க்க வந்த ஓட்டல்காரர் நல்ல மனுஷர்தான். பெரியம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்து உச்சி குளிர்ந்துபோனார். "ஓட்டல் வாசல்ல நிறுத்தப்போறேன் சார். என்ஜின் எதுக்கு? அதை எடுத்துட்டு உள்ளே கலர் லைட் போட்டா, வர்றவங்க எல்லாம் நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க." அதைக் கேட்டதும் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தம்பி துடுப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அவளுக்குப் பயம் வந்தது.

காருக்காக இல்லை. அந்தக் காரைத் துடைத்தே அவருடைய பனியன்கள் எல்லாம் தீர்ந்தன. அதன்மேல் அவளுக்கு என்ன பாசம்? பெரியம்மா போய்விட்டால் தம்பி எதற்கு வருவான்? அப்பா அம்மா போனபின் அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அவன் ஒருத்தன். இனிமேல் எப்போதாவது போன் பண்ணி, "நல்லா இருக்கியாக்கா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். இந்த மனுஷர் ஞாயிற்றுக்கிழமையும் "ம்" என்றே இருந்துவிடுவார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்து, நாள் முழுக்க யார் யாருக்கோ பார்வை சரிசெய்து அனுப்புகிறவள், தன்னுடைய இந்த இரண்டு பேருக்கு எதிரில் நிற்பவரைக் காட்ட வழி தெரியாமல் திண்டாடினாள்.

இன்று காலை தம்பி பெரியம்மாவை ஷெட்டிலிருந்து முற்றத்துக்கு எடுத்து நிறுத்தியிருந்தான். இடது பின் டயர் தேய்ந்திருந்தது. ஸ்டெப்னியில் வெள்ளை வளையம் போட்ட புது டயர் இருக்கிறது. அதை மாட்டி அனுப்ப வேண்டுமாம்.

"லைட் போட்டு நிறுத்தப்போற காருக்குப் புது டயர் எதுக்குடா?"

"போறவ நல்ல செருப்போட போகட்டுமேக்கா" என்றான். குரல் கொஞ்சம் பிசிறியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சக்கரத்தின் குரோமியத் தட்டைக் கழற்றி, முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டி அழுத்தினான். அசையவில்லை. ஏறி நின்றான். ஊஹூம். ஷெட்டிலிருந்து நீளமான இரும்புக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரின் வாலில் செருகி, தொப்பையோடு மொத்த பாரத்தையும் போட்டுத் தொங்கினான்.

டங்.

நட்டு கழலவில்லை. போல்ட் முறிந்து, நட்டோடு தரையில் உருண்டது. தம்பி அதைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு அப்படியே மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஒடச்சுட்டேன்க்கா... கடைசி நாளா பார்த்து ஒடச்சுட்டேன்."

செய்தித்தாள் கீழே விழுகிற சத்தம் கேட்டது. கணவர் செருப்புக்கூடப் போடாமல் வந்து அவனருகே குந்தினார். போச்சு, இன்னொரு பிரளயம் என்று அவள் பயந்தாள்.

"எந்தப் பக்கம் திருப்பினே?"

அவர் அவனிடமே கேட்டார். நடுவில் தபால்காரி இல்லை. தம்பி நிமிர்ந்து பார்த்தான்.

"எப்பவும் திருப்பற பக்கம்தான், அத்தான்."

"இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு எல்லாமே எதிர்த்திருகு, மாப்ளே. ஓடும்போது கழண்டுடக் கூடாதுன்னு அந்தக் காலத்துல அப்படி வச்சான். நீ கழட்டல, இறுக்கியிருக்கே. இங்க பாரு, போல்ட் தலையிலேயே லெஃப்டுக்கு எல்-னு அடிச்சிருக்கான்." விரலால் அழுக்கைத் துடைத்துக் காட்டினார். "இத்தன வருஷமா இது தெரியாதா உனக்கு?"

"எப்படித் தெரியும்? நான் எப்பவாவது இந்தப் பக்கம் வந்திருக்கேனா? இந்தப் பக்கம் நீங்கதானே அத்தான்!"

கணவர் அந்த உடைந்த போல்ட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"சுவிட்சைப் போட்டதும் நீ அந்தப் பக்கம் குனிஞ்சு என்னமோ பண்ணுவியே, அப்புறம்தான் ஸ்டார்ட் ஆகும். அது என்னடா? நான் தனியா எழுப்பின அன்னிக்கெல்லாம் அவ என் உயிரை வாங்கிட்டா."

"பெட்ரோல் பம்புல கைப்பிடி இருக்கு, அத்தான். அதை நாலு தடவை அமுக்கணும்."

"சொல்லவே இல்லையே நீ."

"நீங்க எங்க கேட்டீங்க?"

அவள் டீ தம்ளரைப் படியில் வைத்தாள். பேசுங்கடா, இன்னும் பேசுங்க என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டே அசையாமல் நின்றாள். அசைந்தால் இரண்டு பேருக்கும் நினைவு வந்துவிடும், கோபம் நினைவு வந்துவிடும்.

வெளிவாசலில் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. ஓட்டல்காரர். மனுஷர் சொன்ன நேரத்துக்கு வந்து தொலைத்தார்.

தம்பி முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு எழுந்தான். "பரவாயில்ல அத்தான். அஞ்சுல ஒண்ணுதான் போயிருக்கு. மெதுவா ஓட்டினா நாலு போல்ட்டுல போய்ச் சேர்ந்துடும்."

"போய்ச் சேர்ந்துடும்தான்" என்றார் வாத்தியார்.

அவர் எழுந்திருக்கவில்லை. ஸ்பேனரை எடுத்து அடுத்த நட்டில் மாட்டினார். இரும்புக் குழாயைச் செருகினார். சக்கரத்தை மாற்றி அனுப்பிவிடத்தான் போகிறார் என்று அவள் நினைத்தாள். ஆனால் குழாய் வேறு பக்கம் சாய்ந்திருந்தது. தம்பி சாய்த்த அதே பக்கம்.

"அத்தான், தப்பான பக்கம் போட்டிருக்கீங்க..."

அவர் எழுந்து, அந்த ஒல்லி உடம்பை முழுசாகக் குழாய்மேல் போட்டு ஒரு எம்பு எம்பினார்.

டங்.

இரண்டாவது போல்ட் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"அடடா" என்றார் அவர், மூச்சு வாங்க. "மறந்துட்டேன் பாரு."

முப்பது வருஷமாக வாய்ப்பாட்டில் ஒன்றுகூட மறக்காத மனுஷர். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிற ஆளை அவள் பார்த்ததே இல்லை. தம்பி அவரைப் பார்த்தான், முறிந்த போல்ட்டைப் பார்த்தான், பெரியம்மாவைப் பார்த்தான். அவன் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

"இந்தக் காலத்துல இந்த போல்ட்டெல்லாம் எங்க கெடைக்கும், மாப்ளே?"

"கப்பல்ல வரணும், அத்தான். வந்தாலும் பொருந்துமோ என்னவோ."

"மூணு போல்ட்டுல ஓட்ட முடியுமா?"

"ரொம்ப அவசரம்னா..." என்று தம்பி இழுத்தான். "ரெண்டுல நிச்சயமா முடியாது."

வெளியே மறுபடி ஹாரன். "சார், ரெடியா?" என்று குரல் வந்தது.

"இதோ வந்துட்டோம்!" என்று அவள் உரக்கக் கத்திவிட்டு வெளிவாசலுக்கு நடந்தாள். எத்தனை மெதுவாக நடக்க முடியுமோ அத்தனை மெதுவாக. முதுகுக்குப் பின்னால் தம்பியின் குரல் கேட்டது: "தள்ளுங்க அத்தான், இது என் முறை." வெளிக்கதவின் உட்புறம் வந்து நின்று தாழ்ப்பாளில் கையை வைத்தாள். இடுக்கு வழியே ஓட்டல்காரரின் சட்டைப் பொத்தான்கள் தெரிந்தன. தாழ்ப்பாளை எடுக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பின்னால் மூன்றாவது தடவை அந்த 'டங்' கேட்பதற்காகக் காத்து நின்றாள்.