தலைசுற்றல் என்று சொல்லச் சொன்னார்கள்

விமலாவுக்குப் பொய் சொல்வதுதான் வேலை. மலேசியாவின் வடக்கு சிலாங்கூரில் பல கிளினிக்குகளை நடத்தும் ஒரு நிறுவனம் அவளை நோயாளி போல அனுப்பும். எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், டாக்டர் முகம் பார்த்துப் பேசுகிறாரா, மருந்தை விளக்குகிறாரா என்று பார்த்து அவள் மதிப்பெண் போட வேண்டும். கணவன், இரண்டு பிள்ளைகள் என்று ஒரு குடும்பத்தையும் அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். பதினோரு கிளினிக்குகளில் அதைச் சொல்லியாயிற்று. பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தது மட்டும் அவள்.

அன்று பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரின் கிளினிக். கவுண்டரில் இருந்த பெண் தலை நிமிரவே இல்லை. ஒரு மணி இருபது நிமிடம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். டாக்டர் நஜ்முதீன் இளைஞர். மூன்று நாளாகத் தலைசுற்றல் என்றாள். பிரஷர் பார்த்தவர், மறு கையிலும் பட்டையைச் சுற்றிப் பார்த்தார்.

“நூத்தி தொண்ணூறு காட்டுதுக்கா. வீட்டுல யாரு இருக்காங்க?”

மனப்பாடமான பதில் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

“யாரும் இல்ல டாக்டர்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். திடீரென்று விழுந்துவிட்டால் யாருக்குத் தெரியவரும் என்று கேட்டார். அவள் யோசித்துப் பார்த்தாள். தம்பி குடும்பத்தோடு ஜொகூரில் இருக்கிறான், தீபாவளிக்குப் போன் செய்வான். பக்கத்து அறையில் அடிக்கடி ஆள் மாறும்.

மாத்திரை கொடுத்து உள்ளறையில் படுக்க வைத்தார். மற்ற நோயாளிகளுக்கு நடுவே மூன்று முறை வந்து பார்த்தார். வியாழக்கிழமை கட்டாயம் வரச் சொல்லித்தான் அனுப்பினார்.

கோலசிலாங்கூரில் தன் வாடகை அறைக்குத் திரும்பியதும் அறிக்கையை எழுதினாள். காத்திருப்புக்கும் கவுண்டருக்கும் குறைந்த மதிப்பெண், டாக்டருக்கு முழுசாக. ஆனால் மதிப்பிட்ட கிளினிக்குக்குத் திரும்பப் போகக்கூடாது என்பது நிறுவனத்தின் விதி. மேற்பார்வையாளர் லோகேஸ்வரியை அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

“வேற கிளினிக்குல காட்டிக்கலாம்லா, அக்கா” என்றாள் லோகேஸ்வரி.

இனிமேல் வேலைக்கு வரவில்லை என்றாள் விமலா.

வியாழக்கிழமை, உட்கார்ந்ததும் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அவர் முகம் வாடியது.

“அப்ப தலைசுத்தல் பொய்யா?”

“பொய்தான். தனியா இருக்கேன்னு சொன்னது நெஜம்.”

அவர் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார். நூற்று அறுபதுக்கு இறங்கியிருந்தது. மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், இரண்டு வாரம் கழித்து வர வேண்டும் என்றார். கதவருகே போனபோது, வரமுடியாவிட்டால் போன் பண்ணிச் சொல்லச் சொன்னார்.

பஸ் நிற்குமிடத்தில் வெயில் தகித்தது. பிரஷர் குறைந்துவிட்டது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. கைப்பேசியில் பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தம்பிக்கு இது வேலை நேரம். பஸ் வந்ததும் கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு ஏறி, ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.