யார் குரல்

தம்பியின் நகக்கண்களில் இருந்த கிரீஸ் போகவே இல்லை. அக்கா சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்துப் பார்த்தாள். ஹேர்பின் முனையால் சுரண்டினாள். பதினெட்டு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனின் கை. ஒரு காலைப் பொழுதில் வெளுத்துவிடுமா?

"விடுங்க அண்ணி. அது அவரோடயே போகட்டும்" என்றாள் தம்பியின் மனைவி.

நேற்று மாலையிலிருந்து அவள் அக்காவிடம் பேசிய இரண்டாவது வாக்கியம் அது. முதலாவதைப் பாலத்தில் வைத்துச் சொன்னாள். "நீங்க போனை எடுக்கல அண்ணி." அதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அக்கா அதைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள்.

துணியைப் பிழிந்து வைத்துவிட்டு அக்கா சுவரைப் பார்க்காமல் இருக்க முயன்றாள். முடியவில்லை. கட்டிலுக்கு நேர் எதிரே அந்தத் தாள் ஒட்டியிருந்தது. தம்பியின் கொட்டை எழுத்து. ஆபத்து என்றால்: ஒன்று, அவசர எண்ணுக்குப் போன் செய். இரண்டு, விசிலை மூன்று தடவை ஊது. மூன்று, ஒருவர் ஓடிப்போய்ப் பாலத்து முனையில் நில். இந்தத் தாளும் ஒரு விசிலும் கால்வாய்ச் சந்தின் நாற்பத்தோரு வீட்டிலும் உண்டு. எல்லாம் அவன் கொடுத்தது.

"லிஃப்டுக்குள்ள மாட்டினவனுக்கு, வெளியில ஆள் இருக்குன்னு தெரிஞ்சாலே பாதி உயிர் திரும்பிடும். அதுக்குத்தான் விசில்" என்பான். சந்தில் அவனுக்கு விசில்காரன் என்றே பெயர் விழுந்துவிட்டது.

'ஒன்று' என்பதற்கு மேலே, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவில் ஒரு வரி இடைச்செருகலாக இருந்தது. முதல்ல எனக்கு அடிங்க. கீழே அக்காவின் நம்பர். அக்காவின் கையெழுத்து.

கால்வாய்க்கு இந்தப் பக்கம் இவர்கள். இவர்களுடைய நிறம், இவர்களுடைய முகம், இவர்களுடைய இழுத்துப் பேசும் பேச்சு. பாலத்தைத் தாண்டினால் மேட்டுத் தெரு, அவர்கள். நகராட்சி இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான். ஆம்புலன்சும் ஒன்றுதான். ஆனால் சந்துக்குள் வருவதில் ஆபத்து உண்டா, போலீஸ் துணைக்கு வரும்வரை வண்டி காத்திருக்க வேண்டுமா என்பதைப் போனை எடுப்பவர் அந்த நிமிடமே முடிவு செய்வார். இந்தப் பேச்சைக் கேட்டதும் அவர் எப்போதும் ஒரே முடிவைத்தான் எடுத்தார்.

அக்காவுக்கு இன்னொரு குரல் இருந்தது. மேட்டுத் தெருவில் வீட்டு அலங்காரப் பொருள் விற்கும் பெரிய கடையில் புகார் கேட்கும் போன் பிரிவில் வேலை. பன்னிரண்டு வருடத்தில் அவர்களைப் போலவே பேசப் பழகிவிட்டாள். முகம் தெரியாத வேலை என்பதால் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஒருநாள் தம்பியின் எதிர்வீட்டுத் தையல்காரரின் மனைவிக்கு மூச்சு இழுப்பு வந்தபோது ஏதோ ஒரு பதற்றத்தில் அந்தக் குரலிலேயே ஆம்புலன்சைக் கூப்பிட்டாள். பத்தே நிமிடத்தில் வண்டி வந்தது. அவர்களில் ஒருத்தி ஏதோ வேலையாக இங்கே வந்து மாட்டிக்கொண்டாள் என்று நினைத்திருப்பார்கள். அன்றிலிருந்து யாருக்கு என்ன என்றாலும் சந்து அவளிடம்தான் ஓடிவந்தது. அவளுக்கும் அது பிடித்திருந்தது. வீடு வீடாகப் போய்ச் சிவப்புப் பேனாவால் எழுதிவைத்தாள்.

தம்பிக்குத்தான் ஆகவில்லை.

"அக்கா, உன் தொண்டையில ரெண்டு பேர் குடியிருக்காங்க. ஒருத்தி நம்ம ஆளு. இன்னொருத்தி வாடகைகூடக் குடுக்காத மகாராணி."

"அந்த மகாராணி வாயைத் திறந்தாதான்டா வண்டி வருது."

"அதான் என் வயித்தெரிச்சலே. நீ இல்லாத நேரத்துல எவனாவது விழுந்தா?"

"விழறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு விழச் சொல்லு."

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். போன மாதம்தான்.

சிரித்தாலும் அவன் விடவில்லை. ஒரு நோட்டுப் போட்டு நான்கு கட்டம் கிழித்தான். தேதி, போன் செய்த நேரம், வண்டி வந்த நேரம், யார் குரல். 'அக்கா' என்று எழுதிய வரிகளில் ஒன்பது, பத்து, பதினொன்று நிமிடம். 'நாம்' என்று எழுதிய வரிகளில் நாற்பது, நாற்பத்தாறு, ஒன்றில் வரவேயில்லை. அதை எடுத்துக்கொண்டு நகராட்சிக் கூட்டத்துக்குப் போனான். வீட்டு எண் தெரிவதில்லை என்றார் அதிகாரி. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஏணியைத் தூக்கிக்கொண்டு நாற்பத்தோரு வீட்டிலும் ஒரு முழ உயரத்துக்கு எண் எழுதினான். அடுத்த கூட்டத்தில், உங்கள் ஆட்கள் பேசுவது புரிவதில்லை என்றார்.

"நெஞ்சு வலிக்குதுன்னு நாங்க எப்படிச் சொன்னாலும் நெஞ்சுதான் சார் வலிக்கும்" என்று இவன் சொல்ல, கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்களாம். அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டாராம்.

நேற்று இடது தோள் வலிக்கிறது என்று அவன் மதியமே வீட்டுக்கு வந்தான். நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குச் சட்டை நனையும்படி வியர்த்தது. மனைவி சுவரைப் பார்த்தாள். முதல் வரியில் இருந்த நம்பரை அழைத்தாள். ஏழு தடவை.

போன் பிரிவில் வேலை செய்பவர்கள் தங்கள் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். அது சந்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் டீ நேரத்தில் எடுத்துப் பார்ப்பாள், இடையில் கழிவறைக்குப் போகிற சாக்கில் எடுத்துப் பார்ப்பாள், இதுவரை தவறியதில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளர் விடவில்லை. படத்தில் பார்த்த திரைச்சீலை வேறு நீலம், வந்தது வேறு நீலம். இருபத்திரண்டு நிமிடம் அவரிடம் அந்த அழகான குரலில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகுதான் தம்பியின் மனைவி தானே அவசர எண்ணை அழைத்தாள். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். குடித்திருக்கிறாரா என்று கேட்டார்கள். வீட்டில் அடிதடியா என்று கேட்டார்கள். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. பாலத்துக்கு அந்தப் பக்கம் வந்து, விளக்கைச் சுழலவிட்டுக்கொண்டு, போலீசுக்காக நின்றது. சந்திலிருந்து பார்த்தால் தெரிகிற தூரம். தையல்காரர் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். வண்டியில் இருந்தவர்கள் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். கடைசியில் நாலு பேர் நாற்காலியோடு அவனைத் தூக்கினார்கள். பாதிப் பாலம் போவதற்குள் அவன் தலை சாய்ந்துவிட்டது.

அக்கா வேலையிலிருந்து ஓடிவந்தபோது நாற்காலி பாலத்தின் நடுவிலேயே இருந்தது. போலீஸ் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது.

அவர்கள் நின்ற நேரமா, நான் எடுக்காத நேரமா? இரவெல்லாம் அவள் இதைத்தான் திருப்பித் திருப்பிக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். எப்படிப் போட்டாலும் இருபத்திரண்டு மீந்தது.

"அக்கா."

வாசலில் தையல்காரர் நின்றிருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. உள்ளே வராமல், செருப்பையும் கழற்றாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் போன் இருந்தது. கட்டிலைப் பார்த்தார், பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான்... அவளுக்கு மறுபடியும் இழுப்பு. பம்பு அடிச்சும் கேக்கல. உதடெல்லாம் நீலமாயிட்டு வருது."

"நீங்களே பேசுங்க" என்றாள் அக்கா. அப்படிச் சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. "நம்பர் தெரியும்ல? நீங்க பேசுங்கண்ணே. நான் பேச மாட்டேன். இனிமே பேச மாட்டேன்."

"அக்கா, நான் பேசினா..." அந்தப் போனை அவர் நீட்டவும் இல்லை, இறக்கவும் இல்லை.

அறையில் இருந்த பெண்கள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார்கள். கட்டிலில் படுத்திருப்பவன் என்ன சொல்லியிருப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். எதிர்வீட்டில் ஒரு பெண் மூச்சுக்குத் தவிப்பதும் தெரியும்.

தம்பியின் மனைவி தலை நிமிர்ந்தாள்.

"பேசுங்க அண்ணி."

அக்கா அவளைப் பார்த்தாள்.

"அவ சாகக் கூடாது. பேசுங்க."

அக்கா ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். போனை வாங்கினாள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தம்பிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"வணக்கம். உடனடியாக ஓர் ஆம்புலன்ஸ் தேவைப்படுகிறது. கால்வாய்ச் சந்து, எண் இருபத்தாறு. ஒரு பெண்ணுக்குக் கடுமையான மூச்சுத் திணறல்... ஆமாம், எண் பெரிதாகவே எழுதியிருக்கிறது... இல்லை, இங்கே எந்த ஆபத்தும் இல்லை... மிக்க நன்றி."

கொஞ்சமும் நடுங்காத குரல். சிரித்த முகத்தோடு பேசுவதுபோல இருந்தது. அது முடிந்ததும் அறையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தையல்காரர் போனை வாங்கிக்கொண்டு ஓடினார். யாரோ விசிலை ஊதினார்கள். மூன்று தடவை. யாரோ பாலத்து முனைக்கு ஓடும் சத்தம் கேட்டது.

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அலமாரியில், டூல்ஸ் பைக்குப் பக்கத்தில், அவன் வைத்த இடத்திலேயே நோட்டு இருந்தது. எடுத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில், அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

சைரன் பாலத்துக்கு வந்தது. நிற்கவில்லை. தம்பியின் மனைவி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். சத்தம் சந்துக்குள் நுழைந்து, வாசலைக் கடந்து, எதிரே போய் அடங்கியது.

அக்கா தேதியை எழுதினாள். நேரத்தை எழுதினாள். வந்த நேரத்தை எழுதினாள். ஒன்பது நிமிடம். 'யார் குரல்' கட்டத்தில், அவன் எழுதுகிற மாதிரியே, 'அக்கா' என்று எழுதினாள்.

அதற்கு மேலே, நேற்றைக்கு, ஒரு வரியைக் காலியாக விட்டிருந்தாள். கையை எடுத்தபோது, அந்த வரியில் அவள் விரலில் ஒட்டியிருந்த கிரீஸ் பதிந்திருந்தது.